கற்றல் இடர்பாட்டை முன்கூட்டியே இனங்காணும் கருவிகள்: மலையக ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களின் தோட்டப்புறப் பாடசாலைகளில் தரம் 1 முதல் 5 வரை தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் ஆசிரியர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. அதிபர்களுக்கும் விசேட கல்வி அலகு ஆசிரியர்களுக்கும் பயன்படும். பெற்றோரும் வாசிக்கலாம்.

இனங்காணும் கருவி என்றால் என்ன? தவணைப் பரீட்சை போதாதா?

கற்பித்ததில் எவ்வளவு பிடிபட்டது என்பதைத் தவணைப் பரீட்சை பார்க்கிறது. இந்தப் பிள்ளையை இப்படியே விட்டால் அடுத்த வருடம் வாசிப்பில் எங்கே நிற்கும் என்பதை இனங்காணும் கருவி பார்க்கிறது. ஆளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், வகுப்பில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும், ஒரே கேள்விகள், ஒரே விதமான புள்ளி. ஸ்கிரீனிங் என்று பயிலரங்குகளில் சொல்வது இதைத்தான்.

தவணைப் பரீட்சையின் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தாளை வாசிக்கத் தெரியாத பிள்ளை தமிழில் மட்டும் தவறுவதில்லை. சுற்றாடலிலும் கணிதத்திலும் சமயத்திலும் சேர்ந்தே தவறுகிறது. புள்ளிப் பட்டியலைப் பார்ப்பவர் 'எதிலுமே கெட்டித்தனம் இல்லை' என்று முடிவு கட்டிவிடுகிறார். அதே பிள்ளையிடம் கணக்கை வாயால் சொல்லிப் பாருங்கள், பல நேரம் விடை வரும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்வோம். இந்தக் கருவிகள் எதுவும் 'டிஸ்லெக்சியா (வாசிப்பு இடர்பாடு) இருக்கிறது' என்று சொல்லாது. யாரைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். நிர்ணயம் வைத்தியரும் உளவியலாளரும் செய்யும் வேலை.

தரம் 1 தொடக்கத்தில் செய்யும் 'பிள்ளையை இனங்காணல்' செயற்பாடு இதற்குப் போதாதா?

அது நல்ல தொடக்கம். விளையாட்டு, சித்திரம், பேச்சு, பொருட்களைப் பிரித்தல் வழியாகப் பிள்ளை என்ன திறனோடு உள்ளே வருகிறது என்று காட்டுகிறது. ஆனால் எழுத்தைக் கற்பிக்கும் முன்பே அது முடிந்துவிடுகிறது. எழுத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளை யார் என்பது அதில் தெரிய வழியில்லை. அந்தக் குறிப்புப் புத்தகத்தை அலுமாரியில் பூட்டிவிடாமல் தரம் 2 ஆசிரியரிடம் கைமாற்றுங்கள். பேச்சுத் தெளிவில்லை, பாட்டின் வரி நினைவில் நிற்கவில்லை என்று அதில் ஒரு வரி இருந்தால், பின்னால் அது பெரிய தடயம்.

எங்கள் தரம் 3 வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. பாதிப் பேருக்கும் கற்றல் இடர்பாடா?

இல்லை. எல்லா மொழிகளையும் நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், பாடசாலை வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 வீதம் வரையானோருக்கே குறித்த கற்றல் இடர்பாடு இருக்கலாம் என்பது உளநல மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு முதல் ஆறு பேர். இருபது பேர் தடுமாறினால் காரணத்தைப் பிள்ளையின் தலைக்குள் தேடக் கூடாது.

எங்கே தேடுவது என்பது இங்கே கற்பித்த எவருக்கும் தெரியும். தரம் 1இல் ஆறு மாதம் ஆசிரியர் இல்லாமல் இருந்திருக்கும். மழைக்காலத்தில் தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து வரும் பிள்ளைகள் வாரத்தில் இரண்டு நாள்தான் வந்திருப்பார்கள். அம்மா வெளிநாட்டில், அப்பா கொழும்பில், பிள்ளை அம்மாயியோடு. காலையில் வெறும் தேத்தண்ணியோடு வந்து உட்காரும் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எண்ணிப் பார்த்தால் சங்கடமாக இருக்கும். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதற்கும் 17.3 வீதம், தோட்டப்புறத்தில் 31.7 வீதம். அப்படிப்பட்ட வீடுகளிலிருந்துதான் உங்கள் வகுப்புகளுக்குப் பிள்ளைகள் வருகிறார்கள்.

அதனால் வரிசையை மாற்றிப் போடுங்கள். முதல் சோதனையில் வகுப்பின் மூன்றிலொரு பங்குக்கு மேல் கீழே நின்றால், யாருடைய பெயரையும் தனியாகக் குறிக்காதீர்கள். வகுப்பு முழுவதற்கும் ஆறு முதல் எட்டு வாரம், தினமும் இருபது நிமிடம், எழுத்து, சொல், வாசிப்பு என்று அடிப்படையிலிருந்து கற்பியுங்கள். பிறகு அதே கடினத்தில் இன்னொரு பந்தியைக் கொடுத்து மறுபடி பாருங்கள். பெரும்பாலானோர் ஏறிவிடுவார்கள். எல்லோருக்கும் கிடைத்த அதே கற்பித்தல் கிடைத்தும், நாள் தவறாமல் வந்தும், நின்ற இடத்திலேயே நிற்கும் இரண்டு மூன்று பேரைத்தான் நாம் தேடுகிறோம்.

என் கருத்தில், மலையகத்தில் கருவி தெரிவு செய்வதற்கு இதுதான் முதல் அளவுகோல்: எட்டு வாரம் கழித்து மறுபடி செய்ய முடியாத அளவுக்கு நீளமான கருவி எவ்வளவு பெயர்பெற்றதானாலும் நமக்கு உதவாது.

அப்படியானால் என்னென்ன கருவிகள் இருக்கின்றன? எதை எடுப்பது?

பெயர்கள் நிறைய. ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு தேவைக்காகப் பிறந்தது. அதைப் பார்க்காமல் எடுத்தால்தான் வம்பு.

*ஏசர்.* இந்தியாவில் 2005 முதல் பிரதம் அமைப்பு வீடுவீடாக நடத்தும் கல்வி ஆய்வின் வாசிப்புச் சோதனை. தமிழிலும் உண்டு. எழுத்து, சொல், நான்கு வரிப் பந்தி, சிறு கதை என்று நான்கு படி. பந்தியில் தொடங்கி, வாசித்தால் கதைக்கு ஏறுவது, தடுமாறினால் சொல்லுக்கும் எழுத்துக்கும் இறங்குவது. சில நிமிடத்தில் முடியும். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும், வேகத்தைக் காட்டாது. வகுப்பைக் குழுக்களாகப் பிரிக்க இதைவிட எளிய வழி நான் கண்டதில்லை.

*ஈ.ஜி.ஆர்.ஏ.* அமெரிக்க உதவியுடன் 2006இல் உருவாகத் தொடங்கி, பிறகு பல நாடுகளின் மொழிகளுக்கு மாற்றியமைக்கப்பட்ட ஆரம்ப வாசிப்பு மதிப்பீடு. எழுத்து, சொல், பொருளில்லாத சொல் (எழுத்தைக் கூட்டி வாசிக்க முடிந்தாலும் மொழியில் இல்லாத, புனைந்த சொல்), பந்தி ஆகியவற்றை நிமிடக் கணக்கில் பார்க்கிறது. ஒரு கல்வி முறைமை எப்படி இருக்கிறது என்று மாதிரி எடுத்துப் பார்க்கச் செய்தது. தனிப்பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அதன் உறுப்புகள், குறிப்பாக நிமிட வாசிப்பும் பொருளில்லாச் சொல்லும், நமக்கு மிகவும் பயன்படும்.

*டாலி.* இந்திய மொழிகளில் டிஸ்லெக்சியாவை இனங்காண மானேசரிலுள்ள தேசிய மூளை ஆய்வு நிலையம் உருவாக்கியது. 2015இல் முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில் வந்தது. வகுப்பு 1–2க்கு ஒன்று, 3–5க்கு ஒன்று என ஆசிரியர் நிரப்பும் இனங்காணல் படிவங்களும், உளவியலாளர் செய்யும் முழு மதிப்பீடும் அதில் தனித்தனியாக உண்டு. இந்தப் பிரிவினைதான் அதன் நல்ல பாடம்: ஆசிரியர் செய்ய வேண்டியது எது, செய்யக் கூடாதது எது என்பதில் குழப்பமில்லை.

*டிபெல்ஸ்.* ஓரிகன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த ஆங்கில வாசிப்புக் கருவி. ஆங்கிலத்துக்கு மிக நல்லது. நமக்கு அடுத்த கேள்வியைப் பார்க்கவும்.

*எஸ்.டி.க்யூ.* 25 கூற்றுகள் கொண்ட நடத்தை வினாக்கொத்து. தமிழில் கிடைக்கிறது. கவனம், மனவெழுச்சி, சகபாடிகளோடு பழகுதல் பற்றிக் கேட்கும். வாசிப்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது. வகுப்பில் ஓர் இடத்தில் இருக்க முடியாத பிள்ளைக்கு இரண்டாவதாகப் பயன்படுத்தலாம்.

*பிள்ளை செயற்பாட்டு வினாக்கள்.* யுனிசெப்பும், இயலாமைப் புள்ளிவிவரங்களுக்கான வாஷிங்டன் குழுவும் 2016இல் வெளியிட்டவை. தாயிடம் கேட்பவை. சனத்தொகை ஆய்வுக்கானவை என்றாலும், பார்வை, செவிப்புலன், நினைவு பற்றிய அவற்றின் கேள்விகள் பெற்றோர் சந்திப்புக்கு அருமையாகப் பொருந்தும்.

ஒரு துணைக்குறிப்பு. பயிலரங்குகளில் எம்-சாட் என்ற ஒட்டிசம் படிவத்தைப் பிரதி எடுத்து ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. அது 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது. பிள்ளைக்காம்பராவுக்கு (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையம்) பொருந்தும், தரம் 2க்குப் பொருந்தாது.

எதை எடுப்பது? தரம் 2, 3க்கு ஏசர் படிகளை வைத்து முதலில் வகுப்பைப் பாருங்கள். கீழ்ப் படியில் நிற்பவர்களுக்கு மட்டும் நிமிட வாசிப்பு, பொருளில்லாச் சொல், விரைவுப் பெயர்சொல்லல் (பழகிய படங்களின் பெயரை வேகமாகச் சொல்வது) ஆகிய மூன்றையும் செய்யுங்கள். அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

நல்ல ஆங்கிலக் கருவி ஒன்றைத் தமிழுக்கு மொழிபெயர்த்துக்கொண்டால் போதாதா?

போதாது. மூன்று காரணங்கள் இருக்கின்றன, மூன்றும் தமிழ் எழுத்து முறையிலேயே இருக்கின்றன.

ஆங்கிலத்தில் 26 எழுத்தைக் கற்றால் எழுத்துப் படலம் ஏறத்தாழ முடிந்தது. அதனால் தரம் 1 முடிவில் எழுத்தறிவைச் சோதித்து முடிவுக்கு வரலாம். தமிழில் உயிர்மெய் சேர்த்து 247. கன்னடம் போன்ற நம் குடும்ப எழுத்துமுறைகளில் நடந்த ஆய்வுகள், பிள்ளைகள் எழுத்து முழுவதையும் கைக்கொள்ள மூன்றாம் நான்காம் வகுப்பு வரை ஆகிறது என்று காட்டுகின்றன. தரம் 1 பிள்ளைக்கு 'ஙௌ' தெரியாதது இடர்பாடு ஆகாது. தரம் 3 பிள்ளை 'கெ'யையும் 'கே'யையும், 'கொ'வையும் 'கெ'வையும் ஒவ்வொரு தடவையும் மாற்றுவது கவனிக்க வேண்டியது. கொம்பு முன்னால் எழுதப்படுகிறது, ஒலியோ பின்னால் வருகிறது. இடர்பாடு உள்ள பிள்ளை அங்கேதான் வழுக்கும். ஆகவே எழுத்துச் சோதனையில் அகரவரிசை மட்டும் இருந்தால் அது வீண். கொம்பு, இரட்டைக்கொம்பு, சுழி வகைகள் கட்டாயம் இருக்க வேண்டும்.

இரண்டாவது, ஒலியுணர்வு. ஆங்கிலக் கருவி ஒரு சொல்லின் முதல் மெய்யொலியை மட்டும் நீக்கிச் சொல்லக் கேட்கும். தமிழ்ப் பிள்ளை சொல்லை எழுத்தெழுத்தாகத்தான் வெட்டும். 'கமலா'வில் 'க'வை விட்டுவிட்டுச் சொல் என்றால் 'மலா' என்று வரும். அதுதான் நம் கேள்வி. 'பட்டு, தட்டு, மரம், கட்டு' இவற்றில் சேராதது எது என்று எதுகையை வைத்துக் கேட்பதும் நன்றாக வேலை செய்யும். மெய்யை மட்டும் பிரிக்கும் கேள்வியைத் தரம் 3க்கு முன் வைக்காதீர்கள்.

மூன்றாவது, வேகம். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அட்டவணை உண்டு. 'பாடசாலையிலிருந்து' என்பது தமிழில் ஒரே சொல். 'நான் போனேன்' என்பது இரண்டு. இரண்டு பந்திகளில் சொல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வாசிக்க வேண்டிய எழுத்து இரட்டிப்பாக இருக்கலாம். நிமிடத்தில் சரியாக வாசித்த எழுத்துகளை எண்ணுங்கள், அல்லது வகுப்பு முழுவதற்கும் ஒரே பந்தியைக் கொடுத்து அதற்குள் மட்டும் ஒப்பிடுங்கள். ஆங்கில அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவே வேண்டாம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுத்தைக் கூட்டினால் பெரும்பாலும் சொல் வந்துவிடும். அதனால் இடர்பாடுள்ள பிள்ளையும் தரம் 4இல் பிழையின்றி வாசிக்கலாம், ஆனால் கூட்டிக்கூட்டி, மூச்சு வாங்க. பிழையை மட்டும் எண்ணும் கருவி அந்தப் பிள்ளையை 'சரி' என்று விட்டுவிடும். கடிகாரம் இல்லாத கருவியை நான் எடுப்பதில்லை.

நிமிட வாசிப்பை எப்படிச் செய்வது?

பாடநூலில் இல்லாத பந்தி வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க முடியாது. தரம் 2 பாடநூலின் ஒரு பாடத்தைக் கணீரென்று வாசிக்கும் பிள்ளையின் விரலைப் பாருங்கள்: விரல் 'ஆடு' என்ற சொல்லில் நிற்கும், வாய் அடுத்த வரியின் பாதிக்குப் போயிருக்கும். மனப்பாடம். அந்தப் பிள்ளைக்கு அதே சொற்களை வைத்தே புதிதாக ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வாயே திறக்காது.

பந்தியை நீங்களே எழுதலாம். பிள்ளைக்குப் பழகிய விஷயம், பாடநூலின் சொல்வளம், ஏறத்தாழ ஐம்பது அறுபது சொல். 'பாட்டி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்தாள்' போன்ற வரிகள். உங்கள் கையில் ஒரு பிரதி, பிள்ளை கையில் ஒரு பிரதி, மேசையில் கைப்பேசியின் கடிகாரம். பிழையான சொல்லின் மேல் கோடு. மூன்று விநாடி நின்றுவிட்டால் சொல்லைக் கொடுத்துவிட்டு நகர்த்துங்கள், அதைப் பிழையாக எண்ணுங்கள். தானே திருத்திக்கொண்டால் சரி. நிமிடம் முடிந்த இடத்தில் அடையாளம். முதல் பத்துச் சொல்லில் ஒன்றும் வராவிட்டால் 'நல்லம் மகன், போதும்' என்று சொல்லி நிறுத்திவிடுங்கள், வதைக்க வேண்டாம். முடிவில் பந்தி பற்றி மூன்று வாய்மொழிக் கேள்வி.

எண்ணிக்கையோடு பிழையின் வகையையும் குறித்துவையுங்கள். 'கூடை'யைக் 'கொடை' என்று வாசித்தால் உயிர்மெய்க் குறியில் தடுமாற்றம். 'கூடை'யைக் 'கூந்தல்' என்று வாசித்தால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு ஊகிக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

விரைவுப் பெயர்சொல்லலுக்கு ஐந்து பழகிய படங்களை மாற்றி மாற்றி 50 கட்டங்களில் ஒட்டிய ஓர் அட்டை போதும். பூ, நாய், கை, வீடு, பால். எத்தனை விநாடியில் சொல்லி முடிக்கிறது என்று பாருங்கள். எழுத்தே தெரியாத பிள்ளைக்கும் இதைச் செய்யலாம் என்பது இதன் வசதி.

எங்கள் பிள்ளைகள் 'இருக்கிறது' என்பதை 'இருக்கு' என்று வாசிக்கிறார்கள். பிழையா?

எழுத்துத் தமிழைப் பார்த்துப் பேச்சுத் தமிழில் சொல்லும் பிள்ளை பொருளைப் பிடித்துவிட்டது. 'வந்தார்கள்' என்பதை 'வந்தாங்க' என்றால் பிழை எண்ண வேண்டாம், ஓரத்தில் 'பே' என்று குறித்துக்கொள்ளுங்கள். 'ழ'வை 'ள' போல ஒலிப்பதும் அப்படியே. வீட்டிலும் லயத்திலும் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள். கொழும்பிலோ சென்னையிலோ செய்த கருவியை எடுக்கும்போது இந்த விதியை முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் தோட்டத்துப் பிள்ளையின் பேச்சுக்குப் புள்ளி வெட்டியதாக முடியும். பந்தியில் 'பள்ளிக்கூடம்' இருந்தால் 'பாடசாலை' என்று மாற்றலாம், ஆனால் மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும்.

ஒரு கருவி நம்பத்தக்கதா என்று எப்படிப் பார்ப்பது?

கையேட்டைத் திறந்து, எந்த வயது, எந்த மொழி, எப்படிப்பட்ட பாடசாலைப் பிள்ளைகளிடம் பரீட்சித்தார்கள் என்று தேடுங்கள். கையேடே இல்லாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு இரண்டு எண்களைப் பாருங்கள்: உண்மையில் இடர்பாடுள்ளவர்களில் எத்தனை வீதத்தைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் எத்தனை வீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வகுப்பில் 40 பேர், உண்மையில் இடர்பாடுள்ளவர்கள் 4 பேர் என்று வைப்போம். கருவி முதலாவதில் 75 வீதம், இரண்டாவதில் 80 வீதம். கேட்க நன்றாக இருக்கிறது. நால்வரில் மூவரைப் பிடிக்கும். மீதி 36 பேரில் ஏழு பேரையும் சேர்த்துக் குறித்துவிடும். பட்டியலில் பத்துப் பேர், அவர்களில் மூன்று பேர்தான் உண்மை, ஒருவர் வெளியே தப்பிவிட்டார். கருவி கெட்டது என்று இதற்குப் பொருளில்லை. குறைவானவர்களுக்கு இருக்கும் ஒன்றைத் தேடும்போது எந்தக் கருவியும் இப்படித்தான் நடக்கும். அந்தப் பத்துப் பெயரை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உங்கள் பாடசாலைக்குள்ளேயே ஒரு சோதனையும் செய்யலாம். ஒரு பிள்ளை வாசிப்பதைக் கைப்பேசியில் பதிந்து, இரண்டு ஆசிரியர்கள் தனித்தனியாகப் புள்ளி போடட்டும். கொழுந்து மடுவத்தில் ஒரே கூடையை இரண்டு தராசு இரண்டு விதமாகக் காட்டினால் சண்டை வராதா? அதே நியாயம் இங்கேயும். வித்தியாசம் பெரிதாக வந்தால் விதிகளை மறுபடி பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

வெட்டுப்புள்ளியை எங்கே வைப்பது?

தவறின் விலையைப் பார்த்து வையுங்கள். இடர்பாடில்லாத பிள்ளைக்கு எட்டு வாரம் கூடுதலாக வாசிப்புக் கற்பித்தால் யாருக்கும் நட்டமில்லை. இடர்பாடில்லாத பிள்ளையைப் பேராதனைக்கு அனுப்பினால் பெற்றோருக்கு ஒரு நாள் பேர் (நாட்சம்பளம்) போகும், பஸ் காசு போகும், லயம் முழுக்கப் பேச்சு வரும். ஆகவே முதல் வடிகட்டலில் தாராளமாக இருங்கள், வகுப்பின் கீழ்க் கால்பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கற்பித்த பிறகு செய்யும் இரண்டாவது வடிகட்டலில் இறுக்கிப் பிடியுங்கள்.

கணிதத்துக்கு?

ஏசரில் எண் அறிதல், கடன்வாங்கிக் கழித்தல், வகுத்தல் படிகள் உண்டு. அதோடு இரண்டைப் பாருங்கள்: 7, 9 என்ற இரண்டு இலக்கத்தில் பெரியதை உடனே காட்டுகிறதா, தரம் 3இலும் 4+3க்கு ஒன்றிலிருந்து விரல்விட்டு எண்ணுகிறதா. நான்கிலிருந்து தொடங்கி ஐந்து, ஆறு, ஏழு என்று எண்ணத் தெரிந்த பிள்ளையைப் பற்றிக் கவலை வேண்டாம்.

கைப்பேசி ஆப்கள்?

பெரும்பாலானவை ஆங்கிலப் பிள்ளைகளின் அளவை வைத்து முடிவு சொல்பவை. சிவப்பு நிறத்தில் 'ஆபத்து' என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. கடிகாரத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் கைப்பேசி போதும்.

கண், காது?

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் இதைப் பாருங்கள். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கான பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் பார்வை சோதிக்கப்படுகிறது. அன்றைக்கு வராத பிள்ளைகளின் பெயரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுத்துத் தொடருங்கள். வராதவர்களில்தான் நமக்கு வேண்டியவர்கள் இருப்பார்கள். தரம் 2, 3 இந்த வரிசைக்கு இடையில் விழுந்துவிடுவதால் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கலாம்.

காதுக்கு ஓர் எளிய வழி: பிள்ளையின் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்று, ஒரு காதை மூடச் சொல்லி, மெதுவாக மூன்று எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லக் கேளுங்கள். பிறகு மற்றக் காது. குளிர்ப் பிரதேசத்தில் சளியும் காதில் சீழும் சாதாரணம் என்று நாம் பழகிவிட்டோம். சீழ் வடியும் காதோடு 'பட்டு'வுக்கும் 'தட்டு'வுக்கும் வித்தியாசம் கேட்பது எப்படி?

சிங்களமொழிப் பாடசாலையில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு எந்த மொழியில் சோதிப்பது?

இரண்டிலும் பேச்சையும் ஒலியுணர்வையும் பாருங்கள். வாசிப்பைக் கற்பிக்கப்பட்ட மொழியில் பாருங்கள். தமிழில் கதை சொல்லும், எதுகை பிடிக்கும், படங்களை வேகமாகப் பெயர் சொல்லும் பிள்ளை சிங்களத்தில் திணறினால் அது புதுமொழிச் சிக்கல். இரண்டு மொழியிலும் அதே இடத்தில் திணறினால் கவனியுங்கள்.

புலமைப்பரிசில் மாதிரித் தாள் புள்ளிகளைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். தரம் 5இல் கண்டுபிடிப்பது மூன்று வருடத் தாமதம். அந்தத் தாள் யார் மேலே என்று பிரிக்கச் செய்தது, கீழே இருப்பவருக்கு என்ன வராது என்று அதில் தெரியாது. 'மெல்லக் கற்போர் பட்டியல்' என்று அதிலிருந்து எடுத்து அலுவலகச் சுவரில் ஒட்டுவதைக் கண்டால் தயவுசெய்து கழற்றச் சொல்லுங்கள்.

ஒரே ஆசிரியர், இரண்டு தரம், முப்பத்தைந்து பிள்ளைகள். நேரம் எங்கே?

ஏசர் படிகளை நாளுக்கு ஐந்து பேர் வீதம் இரண்டு வாரத்தில் முடிக்கலாம், மற்றவர்கள் சித்திரமோ எழுத்து வேலையோ செய்யும் நேரத்தில். பிறகு கீழே நிற்கும் எட்டுப் பேருக்கு மட்டும் மற்ற மூன்று சோதனையும். வாசிக்கும் பிள்ளையின் முதுகு வகுப்பைப் பார்க்கட்டும். சத்தமில்லாத இடம் கிடைக்காவிட்டால் படிக்கட்டு போதும். காலை ஆகாரத்துக்குப் பிறகு செய்யுங்கள். பசியோடு இருக்கும் பிள்ளையின் வேகம் அதன் வேகமல்ல.

பெற்றோரிடம் எப்படிச் சொல்வது?

நேரத்தை முதலில் பாருங்கள். காலை எட்டு மணிக்கு வரச்சொன்னால் பேரை விட்டுவிட்டு வர வேண்டும், கோபத்தோடுதான் வருவார்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்த பிறகோ ஞாயிறோ சந்தியுங்கள்.

'டீச்சர், எம் புள்ளைக்கு மூளையில ஏதும் கோளாறா?' என்பது அநேகமாக முதல் கேள்வியாக வரும். அதற்குக் கீழே இன்னொரு பயம் இருக்கிறது: விசேட வகுப்பில் போட்டுவிடுவார்கள், பிறகு பொம்பளைப் பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது. பெயர் எதுவும் சொல்லாமல் கண்டதைச் சொல்லுங்கள். 'இல்லங்க அம்மா. கதை கேட்டா நல்லா வெளங்கிக்கிறான். கணக்கை வாயால சொன்னா விடை சொல்றான். எழுத்தைப் பாத்து வாசிக்கத்தான் மத்தவங்களவிட ரொம்ப நேரம் ஆகுது. எட்டு வாரம் தனியா சொல்லிக் குடுத்தோம், கொஞ்சந்தான் மாறியிருக்கு. என்ன காரணம்னு டொக்டர்கிட்ட கேட்டுப் பாப்போம்.' பந்தியை மேசையில் வைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. பெற்றோருக்கு வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம். பிள்ளை முதல் தடவை எங்கே நின்றது, இரண்டாம் தடவை எங்கே நின்றது என்ற இரண்டு கோடும் யாருக்கும் புரியும்.

பிறகு கேளுங்கள்: பேச்சு எப்போது வந்தது, காது வலி வந்ததா, வீட்டில் வேறு யாருக்காவது எழுத்து வராமல் இருந்ததா. 'அவங்க அப்பாவும் இப்படித்தான், மூணாம் வகுப்போட நின்னுட்டாரு' என்று ஒரு பாட்டி சொல்லும் வரி, எந்தப் படிவத்திலும் கிடைக்காத தகவல். வாசிப்பு இடர்பாடு குடும்பங்களில் தொடர்வது நன்கறியப்பட்டது.

எங்கே அனுப்புவது?

முதலில் அதிபர், வலயக் கல்விப் பணிமனையின் விசேட கல்விப் பொறுப்பாளர், சுகாதார வைத்திய அதிகாரி. அவர்கள் வழியாக அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக். நுவரெலியா, பதுளை, டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைகள் பலருக்கும் பக்கம். மேலதிக மதிப்பீட்டுக்குப் பேராதனையிலுள்ள சிறிமாவோ பண்டாரநாயக்க சிறுவர் வைத்தியசாலைக்கும், களனிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து ராகமையில் இயங்கும் அயதி நிலையத்துக்கும் அனுப்பப்படலாம்.

கடிதத்தில் 'படிப்பில் பின்தங்கியவர்' என்று எழுதினால் வைத்தியருக்கு ஒன்றும் தெரியாது. வரவு வீதம், இரண்டு சோதனைகளின் திகதியும் புள்ளியும், இடையில் என்ன கற்பித்தீர்கள், கண் காது பார்த்தாயிற்றா, பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது. ஒரு பக்கம் போதும். சிங்களத்தில் ஒரு பிரதியும் இணைத்துவிடுங்கள். தமிழ் தெரிந்தவர் கிளினிக்கில் எப்போதும் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு அனுப்ப முடியாது. பெற்றோருக்குச் சிங்களம் சரளமில்லை என்றால் தெரிந்த ஒருவரைக் கூட அனுப்பப் பாருங்கள்.

கிளினிக் திகதி கிடைக்க மாதங்கள் ஆகலாம். அதுவரை கற்பித்தலை நிறுத்தாதீர்கள்.

பதிவுகளை எப்படி வைப்பது?

ஆளுக்கு ஒரு தாள், ஒரு கோப்பு, அதிபரின் அலுமாரியில். வட்சப் குழுவில் பட்டியலைப் போடாதீர்கள், காலைக் கூட்டத்தில் பெயர் வாசிக்காதீர்கள். முன்னேற்ற அறிக்கையில் எந்தப் பட்டமும் எழுத வேண்டாம்.

இங்கே ஆசிரியர் இடமாற்றம் அடிக்கடி நடக்கும். மாற்றலாகிப் போகும் ஆசிரியரின் பையோடு கோப்பும் போய்விட்டால், அடுத்து வருபவர் அதே பிள்ளையை 'சோம்பேறி' என்று முதலிலிருந்து தொடங்குவார். ஆகவே கோப்பு பாடசாலையின் சொத்து என்று முதலாம் நாளே பேசி வையுங்கள். குடும்பம் வேறு தோட்டத்துக்கோ கொழும்புக்கோ போனால் விடுகைப் பத்திரத்தோடு ஒரு பிரதி போக வேண்டும். பெற்றோர் கையிலும் ஒன்றைக் கொடுத்து, பிறப்புச் சான்றிதழும் கிளினிக் கொப்பியும் வைக்கும் உறையிலேயே அதையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.